அண்ணி வீட்டு ஆட்டின் எச்சில்

மார்ச் 3

மன்னித்துக்கொள் நிலோ, இந்த நேரத்தில் எழுத உட்காருகிறேன். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மகிழினி இப்போதுதான் கண்ணை மூடினாள். எழுத்து கோணலாக இருந்தால், அவள் தலை என் இடது கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள். கீழே விட்டால் எழுந்துவிடுவாள்.

விடுதியில் ஒருத்திக்கொருத்தி நாட்குறிப்பு எழுதிக் காட்டுவோமே, அதை மறுபடி ஆரம்பிக்கிறேன். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். நீ மாட்டு வயிற்றை வைத்து ஆராய்ச்சி செய்பவள். கேட்பதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை.

எங்கள் ஆடுகளுக்கு முடி கொட்டுகிறது. போன வாரம் முதுகில் சொட்டை சொட்டையாகத் தெரிந்தது. இன்று ஒன்றைத் தடவிக் கொடுத்தேன், கை நிறைய முடி வந்துவிட்டது. வாயில் எச்சில் வழிகிறது. கழுத்தில் ஒன்றிரண்டுக்கு வீக்கம் மாதிரி இருக்கிறது. தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கின்றன. மருந்துக்கடையில் உண்ணிக்கு ஊசி கொடுத்தார்கள். போட்டோம், ஒன்றும் ஆகவில்லை. கால்நடை மருத்துவர் பயிற்சிக்குப் போயிருக்கிறாராம், எப்போது வருவார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

உனக்குத் தெரியும், இந்தப் பண்ணையே என் யோசனை. திருப்பூர் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த நவநீதனை, பிரசவத்துக்கு முன்னாலேயே வேலையை விடச் சொன்னது நான்தான். தரைக்கு மேலே ஆட்டுக்குப் பரண் போட்டு, குட்டிகளை ஒரே பண்ணையிலிருந்து வாங்கி, வெளி ஆடு எதோடும் சேராமல் வளர்த்தால் நோயே அண்டாது என்று சொன்னேன். வாசலில் கால் நனைக்க ஊதா மருந்துத் தண்ணீர்த் தொட்டிகூட வைத்திருக்கிறேன். நான் படித்த நுண்ணுயிரியல் அந்தத் தொட்டியில்தான் உபயோகமாகியிருக்கிறது.

எழுந்துவிட்டாள்.

மார்ச் 5

நீ பார்த்துவிட்டாய் என்று இரண்டு நீலக் கோடு காட்டுகிறது. பதில்தான் இல்லை. வேலை இருக்கும், தெரியும். இருந்தாலும் கோபம் வருகிறது.

மார்ச் 8

இன்று நவநீதன் ஒரு வார்த்தை சொன்னார். பரணின் கீழே புழுக்கை கூட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"சூப்பர்வைசர் போன் பண்ணினாரு. எடம் இருக்குதாம். ஏப்ரல் அஞ்சுக்குள்ள வருவனா மாட்டனான்னு சொல்லணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆடு என்ன சொல்லுதோ அதச் சொல்றேன்னேன்."

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போய்விட்டால் இந்தத் தோட்டத்து வீட்டில் நானும் ஒன்பது மாதக் குழந்தையும். அம்மா வீடு கடலூரில். பக்கத்தில் ஆள் இல்லாமல் இல்லை. வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் கூப்பிடு தூரத்தில் இவருடைய அக்கா மரகதம் இருக்கிறார். அந்த அண்ணிக்கும் எனக்கும்தான் பேச்சு இல்லை.

சொல்லியிருக்கிறேனா? மகிழினி பிறந்த அன்று. அறுவை முடிந்து என்னை வார்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இங்கே சேனை வைப்பார்கள். பிறந்த குழந்தையின் வாயில் சொந்தத்தில் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அண்ணி ஒரு கிண்ணத்தில் கரைத்து எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றே வந்திருந்தார். சேலையெல்லாம் புழுதி. விரலைக் கிண்ணத்தில் விட்டார். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. "கை கழுவாம தொடாதீங்க, வாயில எதுவும் வைக்கக் கூடாது" என்று கத்திவிட்டேன். டாக்டர் தாய்ப்பால் தவிர எதுவும் தரக்கூடாது என்றிருந்தார். அதைத்தான் சொன்னேன். சொன்னது சரி. இன்றைக்கும் சரிதான்.

அண்ணி கிண்ணத்தை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவருக்குக் குழந்தை இல்லை என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை, அதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை.

மார்ச் 11

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கண்டுபிடித்தும் பயன் இல்லாததுதான் எரிச்சல்.

ஜனவரியோடு போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. பசும்புல் காய்ந்தது. வேலி ஓரத்தில் இவர் நட்டிருந்த சவுண்டல் மட்டும் பச்சையாக நின்றது. நம் புத்தகத்தில் சூபாபுல் என்று படித்தோமே, அதே மரம். அதைத்தான் வெட்டி வெட்டிப் போடுகிறோம். முடி கொட்ட ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். சவுண்டல் இலையில் ஒரு விஷம் உண்டு என்று இரண்டாம் வருடத்தில் ஒரு வரி படித்த ஞாபகம் வந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு போனில் தேடினேன். முடி உதிர்வு, எச்சில், கழுத்து வீக்கம், எல்லாம் வரிசையாக இருக்கிறது. நிறுத்திவிட்டுப் போட வேறு தழையும் இல்லை.

மத்தியானம் இவரிடம் சொன்னேன். இவர் நம்பவில்லை.

"அக்கா ஆடுக நாள் பூரா ரோட்டோரத்துச் சவுண்டல்லதான் கெடக்குது. அதுகளுக்கு ஒரு முடி கொட்டுல."

"அதுங்க வயித்துல ஒரு கிருமி இருக்குதுங்க. அது அந்த விஷத்தத் தின்னு தீர்த்துடும். ஆட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கெடையாது. கிருமிக்குத்தான் உண்டு."

"அப்ப எல தின்னறது ஆடு இல்ல?"

"ஆடு மென்னு உள்ள அனுப்புது. சமையல் பூரா அதுங்கதான். புல்லக்கூட ஆட்டால தனியாச் செரிக்க முடியாது."

"அதுகளுக்கு என்ன கெடைக்குது?"

"சூடா ஒரு எடம். வேளைக்குத் தீனி."

"திருப்பூர்ல எனக்குக் கெடச்சதும் அதேதான்" என்றார். பிறகு, "நம்ம ஆட்டுக்கு ஏன் இல்ல?" என்றார்.

அதற்கு நான், குழந்தை அழுகிறது என்று உள்ளே வந்துவிட்டேன். நிஜமாகவே அழுதாள்.

அந்தக் கிருமி காற்றில் வராது நிலோ. இன்னொரு ஆட்டின் வாயிலிருந்து வர வேண்டும். ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்து, ஒன்றின் மூஞ்சியை ஒன்று நக்கி, ஒன்று மிச்சம் வைத்த தழையை இன்னொன்று தின்று.

மார்ச் 12

உன் பதில் வந்தது. மூன்று வரி. "நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும். சவுண்டல் தின்று பழகிய ஆடு அசை போடும்போது வாயிலிருந்து அந்த உருண்டையை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து உடனே கொடு. உடனே என்பது முக்கியம்." மூன்று வரிதான் என்றாலும் நான்கு முறை படித்தேன்.

சவுண்டல் தின்று பழகிய ஆடு. இந்த வட்டாரத்தில் அது யாரிடம் இருக்கிறது என்று நீயே சொல்.

மார்ச் 14

நான் போகவில்லை. இவரைத்தான் அனுப்பினேன். அக்காவிடம் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், ஆட்டுக்கு மருந்து என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். பிளாஸ்க்கைக் கொடுத்து விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கையில் பல் பட்ட காயம்.

"அக்கா என்ன கேட்டாங்க?"

"ஏண்டா, என்ற ஆடு வாயில வெச்சிருக்கறதப் புடுங்கறயே, உங்க வீட்ல அவ்வளவு பஞ்சமான்னு கேட்டுச்சு."

"நீங்க?"

"ஆமான்னேன்."

பச்சையாக, புளித்த வாடையோடு பிளாஸ்க்கில் பாதி. தண்ணீர் ஊற்றி மெல்லிய துணியில் வடிகட்டினேன். மூங்கில் குழாயைத் தொட்டியிலிருந்த மருந்துத் தண்ணீரில் அலசி, ஒவ்வொரு ஆட்டுக்கும் ஊற்றினோம். நடுவில் மகிழினிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தேன். எல்லாவற்றுக்கும் கொடுத்து முடித்தபோது இருட்டிவிட்டது. திருப்தியாக இருந்தது. நீண்ட நாளைக்குப் பிறகு படிப்புக்குத் தகுந்த ஒரு வேலை.

மார்ச் 17

மாற்றம் இல்லை. மகிழினிக்கு இரண்டு நாளாக மலச்சிக்கல். எனக்குத் தூக்கம் இல்லை. இவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் பரவாயில்லை.

மார்ச் 21

நெற்றியில் வெள்ளைச் சுட்டி போட்டிருந்த பெட்டை இன்று காலை செத்துக் கிடந்தது.

இவர் தென்னை மரத்தடியில் குழி வெட்டினார். மண்ணைத் தள்ளி மூடினார். வந்து குளித்தார். கொடியில் கிடந்த கம்பெனி டீ-சர்ட் இரண்டையும் எடுத்து மடித்து அலமாரியில் மேல் தட்டில் வைத்தார். அந்தத் தட்டில்தான் அவருடைய பையும் இருக்கிறது.

குழந்தையின் புட்டியைக் கொதிநீரில் அலசிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கும் மருந்துக்கும் வைத்திருப்பது. அப்போதுதான் தோன்றியது. அன்றைக்குப் பிளாஸ்க்கையும் இப்படித்தான் கொதிநீர் ஊற்றி அலசினேன். அலசி, சூடு ஆறும் முன்னே மூடி இவர் கையில் கொடுத்தேன். அந்தச் சூட்டில் தப்பித்து உருண்டையில் ஒட்டிக்கொண்டிருந்த கிருமியில் பாதி, வடிகட்டிய துணியிலேயே நின்றிருக்கும். மிச்சத்துக்குக் குழாயில் மருந்துத் தண்ணீர். நடுவில் பால் கொடுக்கப் போன நேரம் வேறு.

இதெல்லாம் காரணமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சுத்தமாகச் செய்தது தப்பா என்று யாரிடம் கேட்பது.

தாய்ப்பாலில் ஒரு பங்கு சர்க்கரை குழந்தைக்குச் செரிக்காது, அதன் வயிற்றில் குடியிருக்கும் கிருமிகளுக்குத்தான் அது உணவு என்று நம் பேராசிரியை ஒருமுறை சொன்னார்களே. நாம் அப்போது சிரித்தோம், குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதே விருந்தாளிக்கும் இலை போடுகிறாள் தாய் என்று. இன்று அது காரணமே இல்லாமல் ஞாபகம் வருகிறது.

மார்ச் 22

போனேன்.

மகிழினியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது, இவர் தழைக்குப் போயிருந்தார். அண்ணி வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தட்டினார்.

"வாங்க. என்ன, கால் நனைக்காம வந்துட்டீங்க? இங்க அந்த ஊதாத் தண்ணியெல்லாம் இல்லீங்களே."

"அண்ணி, ஒரு ஆடு செத்துப்போச்சுங்க."

"கேள்விப்பட்டேன். எந்தம்பி வந்து சொல்லுல. குழி வெட்டற சத்தம் கேட்டுது."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்க்கில் வந்தது வீணாகிவிட்டது, இந்த முறை உங்கள் ஆடே எங்கள் பரணுக்கு வர வேண்டும், அங்கேயே வாயிலிருந்து எடுத்து அங்கேயே கொடுக்க வேண்டும், பிறகு சில நாள் எங்கள் ஆடுகளோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்று. அண்ணி கையை நிறுத்தவில்லை. புளியங்கொட்டை தெறித்து மகிழினி காலில் பட்டது. அவள் சிரித்தாள்.

"வெளி ஆடு ஒண்ணு உள்ள வரக்கூடாதுன்னு போர்டு எழுதி வெச்சிருக்கறே."

"எடுத்துடறேனுங்க."

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நாலு பேரு முன்னால என்னையத் தொடாதேன்னே."

"கை கழுவச் சொன்னேன் அண்ணி. அவ்வளவுதான் சொன்னேன்."

"நீ என்ன சொன்னயோ. பெக்காதவ கை ஆகாதுன்னுதான் அங்கிருந்த எல்லாத்துக்கும் கேட்டுது. பஸ்ஸுல திரும்பி வாரப்பத் தொணைக்கு வந்தவளே அதத்தான் சொல்லிட்டு வந்தா."

எனக்கு அது இன்றுதான் தெரியும் நிலோ. தெரிந்திருக்க வேண்டும் என்று நீ நினைக்கலாம். நான் அப்போது தையலோடு கிடந்தேன்.

"அதுக்காகச் சொல்லலைங்க அண்ணி."

"சரி. இப்ப என்ற ஆட்டு வாய் எச்ச உனக்கு வேணும். ஆட்டு எச்ச ஆகுது. என்ற கை ஆகுல."

மகிழினி இறங்க வேண்டும் என்று திமிறினாள். கீழே முழுக்கப் புளி ஓடும் மண்ணும். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதையும் அண்ணி பார்த்தார்.

கடைசியில், "எப்பக் கொண்டாரணும்?" என்றார்.

"நாளன்னிக்கு."

"உனக்காவ வருல. எந்தம்பி மறுக்காத் திருப்பூர் போயி அந்த ரூமுல மூட்டப்பூச்சிக்கு நடுவுல கெடக்கோணுமா? அதுக்காவ வாரேன்."

திரும்பி வரும்போது இட்டேரியில் அழுதேன். கோபத்தில்தான்.

மார்ச் 24

இன்று நடந்ததை முழுக்க எழுதிவிட வேண்டும்.

அண்ணி இரண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். கருப்பி, மொட்டச்சி. வாசல் தொட்டியிலிருந்த மருந்துத் தண்ணீரை நேற்றே கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் வைத்திருந்தேன். கருப்பி அதைக் கால் நனைக்காமல் குடித்தது. "பாரு, உங்க வீட்டு மருவாதியே அதுக்குப் புரியல" என்றார் அண்ணி.

இரண்டுக்கும் சவுண்டல் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். தின்று முடித்துப் படுத்து அசை போடும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்த வழியில்லை. மூன்று பேரும் ஒரு ஆட்டின் தாடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். தொண்டையில் உருண்டை மேலே ஏறுவது தெரியும். ஏறியதும் பிடிக்க வேண்டும்.

இவர் கொம்பைப் பிடித்துக்கொண்டார். இவர் கை பெரியது, போன முறை கடி வாங்கியது. நான் கையை விட்டேன். கடைவாய்க்கு உள்ளே, கன்னத்து ஓரமாக. சூடு. இவ்வளவு சூடாக இருக்கும் என்று நினைக்கவில்லை. மாவு மாதிரி ஒரு கட்டி விரலில் சிக்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்குள் தொட்டிலில் மகிழினி எழுந்து அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகை இல்லை, மூச்சுப் பிடித்து அழும் அழுகை. என் ஒரு கை ஆட்டின் வாயில். இன்னொரு கையில் கிண்ணம்.

"எடுக்கட்டுமா?" என்றார் அண்ணி.

"ம்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், கை உள்ளே இருந்தது.

அண்ணி வீட்டுக்குள் போகவில்லை. முதலில் குழாயடிக்குப் போனார். சோப்பு எடுத்தார். முழங்கை வரைக்கும் தேய்த்தார். விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு. எனக்கு நேராகத் திரும்பி நின்று, நான் பார்க்க வேண்டும் என்று, குழந்தை அழுதுகொண்டிருக்க, நிதானமாகக் கழுவினார். பிறகு ஈரக் கையைக் காற்றிலேயே உதறிவிட்டு உள்ளே போனார். அழுகை நின்றது.

இந்த முறை வடிகட்டவில்லை. எதையும் அலசவில்லை. எடுத்த உருண்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் உடைத்து அந்தக் கணமே ஊற்றினோம். சிலவற்றுக்குக் கட்டியாகவே நாக்கின் மேல் வைத்துவிட்டேன். என் கையெல்லாம் பச்சை, சேலையெல்லாம் பச்சை, மூக்கு நுனியில்கூட. கடைசி ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அண்ணி குழந்தையோடு பரண் படியில் உட்கார்ந்திருந்தார். மகிழினி அண்ணியின் முந்தானை முனையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். அந்த முந்தானையால் கொஞ்சம் முன்னால் அவர் கருப்பியின் மூஞ்சியைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

குழந்தையை வாங்கப் போனேன். என் கை அழுக்காக இருந்தது. அதனால் வாங்கவில்லை.

மார்ச் 27

ஒரு ஆடு சவுண்டல் தழையைத் தானாக இழுத்துத் தின்றது. ஒன்றே ஒன்று. யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும்.

ஏப்ரல் 2

நிலோ, மறுபடியும் நேரங்கெட்ட நேரம்தான்.

ஆடுகள் தின்கின்றன. எல்லாம் இல்லை, பெரும்பாலானவை. எச்சில் வழிவது நின்றிருக்கிறது. சொட்டையில் கை வைத்தால் சுரசுரவென்று இருக்கிறது, முடி முளைப்பதா, என் ஆசையா என்று தெரியவில்லை. கருப்பியும் மொட்டச்சியும் இன்னும் எங்கள் பரணில்தான். எல்லோருடைய தீனியிலும் வாய் வைக்கின்றன. அவற்றைப் பார்க்க அண்ணி காலையும் மாலையும் வருகிறார். ஆட்டைப் பார்க்கத்தான். வந்ததும் நேரே குழாயடிக்குப் போகிறார். நேற்று, "போதுமுங்க அண்ணி, அவ்வளவு தேய்க்க வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. குழந்தை அவர் இடுப்பில் இருந்த நேரம் நான் அரை மணி தூங்கினேன். பகலில். ஒன்பது மாதத்தில் முதல் தடவை.

இவருடைய பை இன்னும் மேல் தட்டில்தான். ஐந்தாம் தேதி சூப்பர்வைசருக்குச் சொல்ல வேண்டும். "தின்னுதுங்கறதுக்காவ வெஷம் செரிக்குதுன்னு ஆகுமா? மறுக்கா முடி கொட்டுனா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. என் வார்த்தையை நம்பி ஒரு தடவை வேலையை விட்டவர். அதனால் மூன்று ஆடுகளின் மூத்திரத்தைத் தனித்தனிப் புட்டியில் பிடித்து, பார்சலில் இன்று மதியம் உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது. அந்த விஷம் அதில் இன்னும் இறங்குகிறதா என்று உன் ஆய்வகத்தில் பார்த்துச் சொல். நான் சொன்னால் என் வார்த்தை. நீ பார்த்துச் சொன்னால் ஆடு சொன்னது.

இன்னொன்று. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்கு யாராவது பேரீச்சம்பழத்தை மென்று அண்ணத்தில் தடவுவார்கள் என்று சொல்லியிருக்கிறாயே. அதைப் பிறந்த அன்றைக்கேதான் செய்ய வேண்டுமா? நாள் தள்ளிப்போனால், ஒன்பது மாதம் தள்ளிப்போனால், அதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடுமா? உன் அம்மாவைக் கேட்டுச் சொல். எங்கள் பக்கத்தில் சேனைக்கு அப்படி ஒரு கெடு இருக்கிறதா என்று இங்கே யாரையும் என்னால் கேட்க முடியாது. அன்றைக்கு அண்ணி ஜன்னலில் வைத்துவிட்டுப் போன கிண்ணம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

இரண்டுக்கும் பதில் வேண்டும். சீக்கிரம் எழுது.